ஒற்றைப் பங்கு ஒன்றும் சொல்லாது

உலக இணையத்தின் சாவி ஏழே பேர் கையில் இருக்கிறதாமே, அவர்கள் நினைத்தால் இணையத்தையே அணைத்துவிடலாமாமே என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அணைக்க முடியாது. இணைய முகவரிப் பட்டியலின் உச்சியில் உள்ள பதிவுகள் போலியல்ல என்று மின்கையொப்பம் இடும் ரகசிய எண் ஒன்று உண்டு. 2010 முதல், இணைய முகவரிகளை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு அதை அமெரிக்காவில் இரண்டு இடங்களில் காத்துவருகிறது. அங்குள்ள கருவிகள் அத்தனையும் அழிந்துபோனால் காப்பு நகலைத் திறக்கும் சாவி, வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த ஏழு பேரிடம் பங்கு பங்காக இருக்கிறது. ஐவர் கூடினால் போதும்.

வதந்தியைவிட அந்த ‘ஐவர் போதும்’தான் அதிசயம். கோயில் உண்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு அறங்காவலர்களில் எந்த ஐவர் வந்தாலும் திறக்க வேண்டும். நால்வரால் முடியக் கூடாது. வெறும் பூட்டு சாவியை வைத்து இதைச் செய்ய 35 பூட்டு வேண்டும், ஆளுக்கு 15 சாவி. பதினொருவரில் அறுவர் என்று வைத்தால் 462 பூட்டு, ஆளுக்கு 252 சாவி. உண்டியலில் பூட்டு மாட்ட இடம் இருக்காது. சாவிக்கொத்தைச் சுமக்கத் தனியாக ஆள் போட வேண்டும்.

1979-இல் மறைகுறியீட்டு அறிஞர் ஆதி ஷமீர் இதற்கு இரண்டே பக்கக் கட்டுரையில் வழி சொன்னார். அதே ஆண்டு ஜார்ஜ் பிளேக்லியும் தனியாக ஒரு வழி கண்டார். வரலாறு இவ்வளவு போதும்.

இருவர் கூடினால் திறக்கும் சின்ன வடிவத்தைப் பார்ப்போம். ரகசியம் 7. கண்ணை மூடிக்கொண்டு ஓர் எண்ணை எடுக்கிறோம்: 3. முதல் ஆளுக்கு 7-உடன் ஒரு 3 சேர்த்து 10, அடுத்தவருக்கு இரண்டு 3 சேர்த்து 13, மூன்றாமவருக்கு 16. வரைபடத்தில் மூன்றும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். முதலாமவரும் மூன்றாமவரும் கூடினால், 16-இல் 10 போக 6. நடுவே இரண்டு படி, படிக்கு 3. 10-இல் 3 போக 7. ரகசியம் வந்துவிட்டது.

13-ஐ மட்டும் வைத்திருப்பவர் என்ன செய்வார்? சேர்த்தது எந்த எண் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அதை இரண்டு முறை சேர்த்ததால், ரகசியம் ஒற்றைப்படை என்று மட்டும் கண்டுகொள்வார். அந்தப் பொட்டுக் கசிவையும் அடைத்ததுதான் அழகு! எல்லாக் கணக்கையும் 17 என்ற பகா எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள் (நடைமுறையில் இன்னும் மிகப் பெரிய எண்). இப்போது 13 வைத்திருப்பவருக்கு, 0 முதல் 16 வரை எல்லா விடைக்கும் சம வாய்ப்பு. கடவுச்சொல்லைக் கிழித்துப் பாதி கொடுத்தால் பாதி தெரியும். இங்கே பங்கு உள்ளவரும் இல்லாதவரும் ஒன்றே. குவாண்டம் கணினி வந்தாலும் உடைக்க முடியாது, உடைக்க அங்கே தகவலே இல்லை. ஐவர் வேண்டும் என்றால் நேர்கோட்டுக்குப் பதில் நான்காம் படி வளைகோடு, அவ்வளவுதான்.

‘உங்கள் கிரிப்டோ சாவியைப் பல சர்வர்களில் பிரித்து வைக்கிறோம், திருடவே முடியாது’ என்னும் விளம்பரங்களை இதை வைத்து நம்பிவிடாதீர்கள். ஷமீர் முறையில், சாவியைப் பயன்படுத்தும்போது பங்குகள் ஒரே கணினியில் கூடியாக வேண்டும். அந்தக் கணினி களவு போனால் பிரித்ததெல்லாம் வீண். பங்குகளைச் சேர்க்காமலே, ஒவ்வொரு கணினியும் தன் பங்கால் பகுதிக் கையொப்பம் இட, அவற்றை மட்டும் இணைக்கும் முறைகளும் உண்டு. பணம் போடுமுன் ஒன்றைக் கேளுங்கள்: கையொப்பம் இடும் நேரத்தில் முழுச் சாவி எந்தக் கணினியில் இருக்கும்?