இடப்பக்க மூளையில் பாதிப்பு: குழந்தை பேசுமா?

பிறந்து ஓரிரு நாளே ஆன குழந்தையின் ஒரு கை மட்டும் விட்டுவிட்டுத் துடிக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கையில், மூளையின் இடப்பக்கம் இரத்தக் குழாய் அடைபட்டு ஒரு பகுதி சேதமுற்றிருப்பது தெரியவருகிறது. பக்கவாதம் முதியோர்க்கு வருவது என்று எண்ணியிருந்த பெற்றோருக்கு இது பேரிடி. சில ஆயிரம் பிறப்புகளில் ஒன்றில் இவ்வாறு நேர்கிறது. பெரும்பாலும், தாய் செய்த எதையும் செய்யத் தவறிய எதையும் இதற்குக் காரணமாகக் காட்ட முடிவதில்லை. இதனை முதலிலேயே சொல்லிவிட விரும்புகிறோம்.

அடுத்து எழும் கேள்வி, "குழந்தை பேசுமா?" என்பது. இந்த அச்சம் காரணமற்றதன்று. 1861-இல் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா, 'டான்' என்ற ஓரசையைத் தவிர வேறெதுவும் பேச இயலாத ஒரு நோயாளியைக் கண்டார். அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்தபோது இடப்பக்க முன்பகுதி சிதைந்திருந்தது. மொழியின் இருப்பிடம் இடப்பக்கம் என்னும் கருத்து அவ்வாறு வேரூன்றியது. பெரியவர்களைப் பொறுத்தவரை அது பெரிதும் உண்மையே.

ஆனால் குழந்தையின் மூளை, பெரியவர் மூளையின் சிறிய வடிவம் அன்று. கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில் எலிசபெத் பேட்ஸ் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும், பிறப்பை ஒட்டி மூளையின் ஒரு பக்கம் பாதிக்கப்பட்ட குழந்தைகளை, அவர்கள் பேசத் தொடங்குமுன்பிருந்தே கவனித்தனர். முதற்சொற்கள் பலருக்குத் தாமதமாயின. வியப்பு என்னவெனில், ஒன்றரை வயதுக்குள் சொற்களைப் புரிந்துகொள்வதில் மிகுதியும் பின்தங்கியவர்கள் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட குழந்தைகளே. பின்னர், காணாமற்போன தவளையைப் பற்றிய, சொற்களே இல்லாத படப் புத்தகத்தைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னார்கள். ஐந்து வயதைக் கடந்தோரில், எந்தப் பக்கம் பாதிக்கப்பட்டது என்பதைக் கதையைக் கொண்டு பிரித்தறிய முடியவில்லை.

இது எவ்வாறு நிகழ்கிறது? ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் எலிசா நியூபோர்ட் குழுவினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு விடையைத் தருகிறது. நலமான சிறு குழந்தைகள் வாக்கியங்களைக் கேட்கும்போது மூளையின் இருபக்கமும் வேலை செய்கின்றன. வயது ஏற ஏற வலப்பக்கத்தின் பங்கு குறைகிறது. பிறப்பை ஒட்டி இடப்பக்கம் பாதிக்கப்பட்டு வளர்ந்த இளைஞர்களிடம் மொழி வலப்பக்கத்தில், கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல, அதற்கு நேரான இடங்களிலேயே அமைந்திருந்ததை அவர்கள் 2022-இல் காட்டினர். சேதமுற்ற பகுதி மீண்டும் முளைப்பதில்லை. மறுபக்கம் அவ்வேலையை ஏற்றுக்கொள்கிறது.

இருப்பினும் இம்முடிவுகள் ஒரு பக்கம் மட்டுமே பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு உரியவை. இருபக்கமும் சேதமுற்றாலோ, வலிப்பு அடிக்கடி வந்தாலோ நிலைமை வேறு. வலிப்பு மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் நிறுத்தக் கூடாது என்று நாம் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நன்றாகப் பேசும் குழந்தைக்கும் பள்ளிக்குச் சென்றபின் நீண்ட வாக்கியங்களை அமைப்பதில் சிரமம் தோன்றலாம்.

"இவன் அப்பாவும் நாலு வயதில்தான் பேசினான்" என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் சொல்வது வழக்கம். அன்பினால் சொல்வதே, எனினும் காத்திருப்பதற்கு அது போதிய காரணம் ஆகாது. ஒரு வயதாகியும் மழலை ஒலி எழவில்லை, பதினாறு மாதமாகியும் ஒரு சொல்கூட வரவில்லை, இரண்டு வயதிலும் 'அம்மா வா' என்பதுபோல் இரு சொற்களை இணைக்கவில்லை எனில் உடனே அழைத்து வாருங்கள். முதலில் செவித்திறனைச் சோதிப்போம். தேவையெனில் பேச்சுப் பயிற்சியை அப்போதே தொடங்கலாம். ஒரு வயதுக்குமுன் குழந்தை எப்போதும் ஒரே கையால் பொருள்களை எடுத்து, மறு கையை மூடியே வைத்திருந்தால் அதையும் தெரிவியுங்கள். 'இடக்கைப் பழக்கம்' என்று விட்டுவிட வேண்டாம்.

புதிய இடத்தில் குழந்தைகள் வாய் திறப்பதில்லை. ஆகவே, வீட்டில் அது விளையாடுவதையும் ஒலி எழுப்புவதையும் கைப்பேசியில் இரண்டு நிமிடம் பதிவுசெய்து, அடுத்த முறை வரும்போது காட்டுங்கள்.