புளி போட்டுத் தேய்க்காதீர்கள்!

செங்கல்பட்டை ஒட்டி இருக்கிறது திருமணி. மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர். லேடி வில்லிங்டன் பெயரில் நடந்துவந்த பழைய தொழுநோய் மருத்துவமனையை 1955-இல் மத்திய அரசு ஏற்று நடத்தத் தொடங்கியதால் உருவான நிலையம் இது.

தொழுநோய்க் கிருமியை 1873-இல் கண்டவர் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால், அதில் சில பங்குதான் அந்தக் கிருமியின் நீளம். அதை எப்படிப் பார்ப்பது?

காது மடல் போன்ற இடத்தில் தோலை லேசாகக் கீறி, அங்கே சுரண்டி எடுத்ததைக் கண்ணாடிச் சில்லில் தடவுவார்கள். அதன்மேல் சிவப்புச் சாயம் ஊற்றி, பிறகு அமிலத்தால் கழுவுவார்கள். மற்றவற்றில் ஏறிய சாயம் எல்லாம் போய்விடும். இந்தக் கிருமி மட்டும் சாயத்தை விடாது. கடைசியாக நீலச் சாயம். இப்போது நுண்ணோக்கியில் 1000 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால், நீலப் பின்னணியில் சின்னச் சின்னச் சிவப்புக் குச்சிகள் தெரியும். சில இடங்களில் கட்டுக்கட்டாகவும் கிடக்கும்.

இவ்வளவு பெரிதாக்கும்போது ஒரு சிக்கல் வரும். கண்ணாடிச் சில்லை விட்டுக் காற்றுக்குள் நுழையும் ஒளி வளைந்துவிடும். அதனால் நிறைய ஒளி லென்ஸுக்குள் போகாமலே தப்பிவிடும். சில்லுக்கும் லென்ஸுக்கும் நடுவே ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் தப்பாது. ஏனென்றால் அந்த எண்ணெயும் கண்ணாடியும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில்தான் வளைக்கின்றன. இப்படி எண்ணெயோடு வேலை செய்யும் லென்ஸை 1878-இல் ஜெர்மனியின் யெனா நகரில் கார்ல் ஸைஸ் பட்டறைக்காக வடிவமைத்தவர் எர்ன்ஸ்ட் அபே என்ற இயற்பியலாளர்.

பழைய நுண்ணோக்கிகளைச் சேகரிப்பவர்கள் முதலில் தேடுவதும், யார், எந்த ஊரில், எப்போது செய்தார்கள் என்ற இந்த மாதிரி விவரங்களைத்தான். பித்தளைக் கருவி கையில் கிடைத்ததும் அதில் பொறித்திருக்கும் எழுத்துகளைப் படிப்பார்கள். குழாயிலோ அடிப்பாகத்திலோ செய்தவர் பெயரும் ஊரும் இருக்கும். வாட்சன், பேக்கர், பெக் என்றால் லண்டன். லைட்ஸ் என்றால் ஜெர்மனியின் வெட்ஸ்லார். ஸைஸ் என்றால் யெனா. பக்கத்திலேயே வரிசை எண் இருந்தால் அதிர்ஷ்டம்தான். ஸைஸ், லைட்ஸ் கருவிகளின் எண் பட்டியலோடு ஒப்பிட்டு, ஏறக்குறைய எந்த ஆண்டில் செய்தது என்று சொல்லிவிடலாம்.

அடுத்து, கீழே இருக்கும் சின்ன லென்ஸ் குழல்கள். பழைய லண்டன் கருவிகளில் அவற்றின்மேல் 2/3, 1/6, 1/12 என்று பின்னங்கள் இருக்கும். அவை லென்ஸின் குவியத் தூரம், அங்குலக் கணக்கில். பின்னம் சிறியதானால் பெரிதாக்கும் திறன் கூடும். 1/12 லென்ஸ் பெரும்பாலும் எண்ணெய் விட்டுப் பார்க்கும் லென்ஸ். அது இருந்தால், கிருமிகளைப் பார்க்க வாங்கிய கருவியாக இருக்கலாம் என்று ஊகிக்கலாம்.

ஒரு கம்பெனியின் லென்ஸ் இன்னொரு கம்பெனியின் கருவியில் மாட்டியிருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். லென்ஸ் திருகுக்கு லண்டன் நுண்ணோக்கிச் சங்கம் 1858-இல் ஒரே அளவை வகுத்தது. நாளடைவில் மற்ற நாட்டவர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள்.

எல்லாம் சரி, பித்தளை கறுத்துக் கிடக்கிறதே, பளபளவென்று ஆக்கிவிடலாமா? குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோலப் புளி போட்டுத் தேய்த்தால் போச்சு! பழைய நுண்ணோக்கியின் பித்தளைமேல் மெல்லிய அரக்குப் பூச்சு இருக்கும். தேய்த்தால் பூச்சு போகும், பொறித்த எழுத்தும் மழுங்கும். உலர்ந்த மெல்லிய துணியால் தூசியைத் துடைத்தால் போதும்.

மாமல்லபுரம், கோவளம் போன்ற கடலோர ஊர்களில் இன்னொரு எதிரி உண்டு: ஈரக்காற்று. லென்ஸில் பூஞ்சை இழை இழையாகப் படரும், திருகுகள் துருப்பிடிக்கும். மலேரியா கிருமிக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை 1897-இல் செகந்திராபாத்தில் கண்டறிந்த ரொனால்ட் ராஸ், தன் வியர்வை பட்டே நுண்ணோக்கியின் திருகுகள் துருப்பிடித்ததாக எழுதியிருக்கிறார். மூடிய பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வைத்து, அவ்வப்போது மாற்ற வேண்டும்.

பேணாவிட்டால் எப்பேர்ப்பட்ட பொருளும் தொலையும். ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் துணி வியாபாரியாக இருந்த லீவன்ஹூக், தானே தேய்த்துச் செய்த லென்ஸ்களால் 1670-களில் நுண்ணுயிர்களைப் பார்த்தவர். அவர் இறந்ததும் 26 வெள்ளி நுண்ணோக்கிகள் லண்டன் ராயல் சொசைட்டிக்குப் போயின. இன்று அவற்றில் ஒன்றுகூட அங்கே இல்லை.

உங்கள் பள்ளி ஆய்வகத்து அலமாரியிலும் ஒரு பித்தளை நுண்ணோக்கி இருக்கலாம். ஆசிரியரிடம் அனுமதி கேட்டுப் பாருங்கள். அதன் அடியில் ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடியை வெயிலுக்கு நேராக மட்டும் திருப்பாதீர்கள், கண்ணுக்கு ஆபத்து. செய்தவர் பெயர், ஊர், வரிசை எண், லென்ஸ் பின்னங்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, கருவியோடு பெட்டியிலேயே வையுங்கள். பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போகாமல் அதைக் காப்பாற்ற அந்த ஒரு தாளே போதும்.