அலையோரத்துக் குடிகள் – 7: மாட்டுக்கும் ஒரு மேடு

1970 நவம்பர் 12 இரவு. இன்றைய வங்கதேசத்தில், மேகனா ஆறு வங்கக் கடலில் கலக்கும் இடத்திலுள்ள போலா தீவையும் சுற்றுப்புறத்தையும் புயல் அடித்துப்போனது. மூன்று லட்சம் பேராவது மாண்டிருப்பார்கள். ஐந்து லட்சம் என்றும் சொல்கிறார்கள். தஜுமுதீன் என்ற ஒரு வட்டாரத்தில் மட்டும் 1,67,000 பேரில் 45 விழுக்காட்டுக்கும் மேல் போய்விட்டார்கள்.

பிறகு அங்கே சென்ற மருத்துவர்கள், பிழைத்தவர்களின் மார்பிலும் கைகளின் உட்புறத்திலும் தொடையிலும் ஒரே மாதிரியான சிராய்ப்புகளைப் பார்த்தார்கள். இரவு முழுக்க மரத்தைக் கட்டிக்கொண்டு கிடந்ததில், அலை உலுக்க உலுக்க மரப்பட்டை தோலை உரித்த காயம் அது. இறுகப் பிடிக்க வலு இருந்தவர்கள் தப்பினார்கள். குழந்தைகளிடமும் கிழவர்களிடமும் அந்த வலு இல்லை. பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த தாய் மரத்தை எந்தக் கையால் பிடித்திருப்பாள்?

வங்கதேசத்தாரை ‘எதையும் தாங்கும் மக்கள்’ என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவது எழுதுகிறவர்களின் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. தாங்கும் மனம் அவர்களிடம் 1970-லும் இருந்தது. ஓடிப்போய் ஏற ஒரு மேடுதான் இருக்கவில்லை. வானொலி எச்சரித்தது. கேட்டவர்கள் எங்கே போவது?

1972-இல் செஞ்சிலுவைச் சங்கம் ‘புயல் ஆயத்தத் திட்டம்’ ஒன்றைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு அரசும் சேர்ந்துகொண்டது. தொண்டர்கள் அந்தந்த ஊர்க்காரர்களே. சம்பளம் கிடையாது. கையில் ஒலிபெருக்கியும் சுழற்றும் சங்கும் கொடிகளும் இருக்கும். துறைமுகத்தில் ஏறும் புயல் கூண்டு எண் நமக்குப் பழக்கம்தானே. அங்கே அந்த எண் ஊருக்குள் கொடியாக ஏறுகிறது. மூன்றாம் கொடி ஏறினால் கிளம்பியாக வேண்டும். முகம் தெரியாத அதிகாரி சொன்னால் தயங்குகிறவர்கள், பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று கூப்பிட்டால் எழுந்து வருகிறார்கள்.

ஆனாலும் 1991 ஏப்ரல் 29 அன்று சிட்டகாங், காக்ஸ் பஜார் கரையில் சுமார் 1,38,000 பேர் இறந்தார்கள். 20 முதல் 44 வயதுள்ள ஆண்களில் ஆயிரத்துக்கு 15 பேர் என்றால், அதே வயதுப் பெண்களில் 71 பேர். ஏன் என்று பிழைத்தவர்களிடமே கேட்டார்கள். கணவன் வரட்டும் என்று காத்திருந்தார்கள். அந்நிய ஆண்கள் அடைந்து கிடக்கும் புயல் காப்பகத்துக்குப் போகக் கூசினார்கள். சேலை காலைச் சுற்றியது. ஆண்களும் பெண்களும் சேர்ந்து சொன்ன இன்னொரு காரணமும் உண்டு: மாட்டை விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. நிலமில்லாத வீட்டில் அந்த ஒரு பசுதான் மொத்தச் சொத்து. அதை இழந்து உயிரோடு திரும்பி வந்து என்ன செய்வது?

இந்தப் பதில்களைக் காதில் வாங்கிக்கொண்டதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். புயல் காப்பகங்களில் பெண்களுக்குத் தனி அறை வந்தது. மாடு ஏறச் சாய்தளம் வைத்துக் கட்டினார்கள். ‘கில்லா’ எனப்படும் உயர்ந்த மண்மேடுகளில் ஆடுமாடுகளை ஓட்டிவிட முடிந்தது. கில்லா என்றால் கோட்டை. நம் பழைய கில்லேதாரில் இருப்பதும் அதே சொல். இன்று தொண்டர்கள் 76,000-க்கும் மேல். அவர்களில் பாதிப்பேர் பெண்கள்.

2007-இல் சித்ர் புயலில் சுமார் 3,400 பேர் இறந்தார்கள். 2020 மே மாதம், கொரோனாவுக்கு நடுவே, ஆம்பன் வந்தது. இருபது லட்சத்துக்கும் அதிகமானோரைக் காப்பகங்களுக்குக் கொண்டுபோனார்கள். வங்கதேசத்தில் இறந்தவர்கள் முப்பதைத் தாண்டவில்லை.

உயிர் தப்பியாயிற்று, பிழைப்பு தப்பவில்லை. 2009-இல் ஐலா புயல் கரைகளை உடைத்து உள்ளே விட்ட உப்பு, குல்னா, சாத்கீரா வட்டாரங்களின் குளங்களையும் வயல்களையும் கெடுத்தது. அங்கே ஒரு குடம் குடிநீருக்காகப் பெண்கள் இன்றும் மைல்கணக்கில் நடக்கிறார்கள்.

(தொடரும்)