நந்தனாரின் ஆண்டை

நந்தனார் கதை நமக்குப் புதிதன்று. மேடையில் அது நடக்கும்போது நம் கண்கள் நந்தனார் மேலேயே இருக்கும். இம்முறை அவருடைய ஆண்டையாகிய வேதியரைச் சற்று உற்று நோக்குவோம்.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் இந்த வேதியரே இல்லை. அங்கே ஆதனூர் நந்தனார் கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் அளித்துத் தொண்டு செய்கிறார். தம் குலத்தை எண்ணித் தயங்கித் தில்லைப் பயணத்தை நாளை நாளை என்று தள்ளிப் போடுகிறார். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யில் ஆண்டையைப் படைத்தார். ஏழையின் மனத்தில் அந்தத் தயக்கத்தை விதைப்பவர் யார் என்று இதனால் நமக்குத் தெரிந்துவிடுகிறது.

வேதியர் அறிவிலி அல்லர். கற்றவர், ஊரில் மதிப்புள்ளவர். ஆயினும் பண்ணையாள் சிதம்பரம் போக விடை கேட்டதும் அவருக்குச் சினமும் ஏளனமுமே வருகின்றன. முடிவில், 40 வேலி நிலத்தின் வேலையையும் முடித்துவிட்டுப் போ என்கிறார். வேலி என்பது ஏறத்தாழ ஆறரை ஏக்கர். வயல் சூழ்ந்த நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகளுக்கு இக்கணக்கை விளக்க வேண்டியதில்லை! 'போகாதே' என்று சொல்லாமலே தடுக்கும் வழி இது.

ஓரிரவில் கதிர் முற்றி நிற்கிறது. வேதியர் நந்தனாரின் காலில் விழுகிறார். பார்ப்பவர் கண் கலங்கும் இடம் இதுதான். எனக்கோ இங்கே ஒரு மனக்குறை உண்டு. அற்புதத்தைக் கண்ட பிறகுதானே விழுந்தார்? விழுந்ததும் தம் வயலோரத்தில். தில்லை எல்லையில் நந்தனார் உள்ளே செல்ல இயலாமல் நின்றபோது, அவருக்காக ஒரு சொல் பேச ஆண்டை அங்கே இல்லை. அவர் சொல்லியிருந்தால் நாலுபேர் கேட்டிருப்பார்கள். தீயில் இறங்கியது நந்தனார் மட்டுமே.

நம் பகுதி திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1936 நவம்பர் 12இல், ஆலயப் பிரவேச அறிவிப்பு வெளியாயிற்று. நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் நந்தனார் கதையைப் புதுக்கிக் 'கிந்தனார்' என்று காலட்சேபம் செய்தார். 1949இல் வந்த 'நல்லதம்பி' படத்திலும் அது உண்டு. அவருடைய கிந்தன் ஏங்குவது பள்ளிக்கூடத்திற்கு. ரயிலேறிப் பட்டணம் போய், படித்துக் கல்வி அதிகாரியாகிறான். ரயிலுக்குச் சீட்டு வாங்க எந்த ஆண்டையிடமும் விடை கேட்க வேண்டியதில்லை.