வாடகை: உறைந்த சட்டமும் உயரும் தொகையும்

மாதத் தொடக்கத்தில் பலருடைய சம்பளக் கணக்கிலிருந்து முதலில் வெளியேறும் பெருந்தொகை வீட்டு வாடகையே. அது உயரும்போதெல்லாம், அரசு ஓர் உச்சவரம்பு விதிக்கலாகாதா என்ற கேள்வி எழுகின்றது. மும்பையின் அனுபவம் இதற்கு விடை கூறும்.

1947-ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம், 1940 செப்டம்பர் 1 அன்று நிலவிய வாடகையையே அளவுகோலாகக் கொண்டது. போரும் பிரிவினையும் விளைவித்த இடநெருக்கடியில் அக்காப்பு தேவையாகவே இருந்தது. ஆயினும் தற்காலிகமாக வந்த சட்டம் பன்முறை நீட்டிக்கப்பட்டது. வாடகைதாரர்களின் வாக்குகள் மிகுதி. உரிமையாளர்களின் வாக்குகள் குறைவு. விலைவாசி ஏறியது, வாடகை ஏறவில்லை. பழுதுபார்க்கவும் பணமின்றிக் கட்டடங்கள் சிதைந்தன. 'பக்டி' என்னும் மொத்தத் தொகை மறைவில் கைமாறியது. குறைந்த வாடகையால் காக்கப்பட்டவர்களே, இடிந்து விழக்கூடிய கூரையின் கீழ் வாழ நேர்ந்தது.

இவ்வாறு வாடகையை உறையவைப்பது காலப்போக்கில் நியாயமற்றதாகிவிட்டது என 1997-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2000-இல் நடைமுறைக்கு வந்த மகாராட்டிரச் சட்டம் ஆண்டுக்கு 4 விழுக்காடு உயர்வை அனுமதித்தது. வங்கிகளுக்கு விடப்பட்ட இடங்களுக்கு அச்சட்டத்தின் காப்பு இல்லை. எனவே நம்மைப் போன்ற வங்கிகள் அங்கு சந்தை வாடகைக்கே உட்பட்டுள்ளன. தில்லியிலோ, 1995-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வாடகைச் சட்டம், வணிகர்களின் எதிர்ப்பால் நடைமுறைக்கு வரவேயில்லை.

மறுபுறம், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் நகர்ப்புறங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்தன. குடிவந்தவர் வெளியேற மறுப்பாரோ என்னும் அச்சமும் அதற்கு ஒரு காரணம். இதனைக் கருதியே 2021-இல் நடுவண் அரசு மாதிரி வாடகைச் சட்டத்தை வகுத்தது. அது வாடகைத் தொகையை இரு தரப்பினரின் உடன்பாட்டிற்கு விடுகின்றது. எழுத்து ஒப்பந்தத்தை வலியுறுத்துகின்றது. குடியிருப்புக்கான முன்பணத்தை 2 மாத வாடகைக்குள் வரையறுக்கின்றது. மாநிலங்கள் ஏற்றால்தான் அது செயல்பெறும்.

உச்சவரம்பு இன்றைய குடியிருப்பாளரைக் காக்கலாம். நாளை வீடு தேடுவோரைக் காப்பது வீடுகளின் பெருக்கமே. அதுவரை வாடிக்கையாளர்கள் செய்யத்தக்கவை சில உள்ளன. வாடகை உயர்வின் அளவையும் முன்பணம் திரும்பும் நாளையும் ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதிக்கொள்க. ஓராண்டைக் கடக்கும் குத்தகையைத் தவறாது பதிவு செய்க. வாடகையையும் முன்பணத்தையும் வங்கிக் கணக்கின் வழியே செலுத்துக. பிணக்கு எழும் நாளில், கணக்கு அறிக்கையின் ஒரு வரி இரு தரப்பினருக்கும் சான்றாக நிற்கும்.