பட்டனுக்கு எந்த ஒயர்? ஜரிகை சொல்லும் பதில்

ஒரு ஜாய்ஸ்டிக், எட்டுப் பட்டன், ஒரு சர்க்யூட் போர்டு, ஒரு பிளைவுட் பெட்டி, ஒரு பழைய கம்ப்யூட்டர். இவ்வளவு இருந்தால் வீட்டிலேயே வீடியோ கேம் பெட்டி செய்துவிடலாம், நண்பர்களே! பட்டன்களிலிருந்து, அவற்றைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சர்க்யூட் போர்டுக்கு ஒயர் இழுக்க வேண்டும். கடைக்குப் போனால் எதைக் கேட்பீர்கள்? "தடிமனான ஒயர்தான் நெடுநாள் உழைக்கும்" என்று தோன்றுகிறதா? காஞ்சிபுரத்துப் பட்டுப் புடவையின் ஜரிகையைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

ஜரிகை என்பது நூல் மட்டுமல்ல, அதில் உலோகக் கம்பியும் இருக்கிறது. வெள்ளியை அச்சுத் துளைகளின் வழியே இழுத்து இழுத்து மயிரிழையாக மெலிய வைப்பார்கள். பிறகு அதைத் தட்டையாக்கி, சிவப்புச் சாயமேற்றிய பட்டு நூலின் மேல் நெருக்கமாகச் சுற்றுவார்கள். தங்க முலாமும் பூசுவார்கள். நெசவாளர்களுக்கு நல்ல ஜரிகை கிடைக்க வேண்டும் என்பதற்காகவே 1971இல் தமிழ்நாடு ஜரிகை நிறுவனத்தை அரசு காஞ்சிபுரத்தில் தொடங்கியது.

உலோகம் கலந்த புடவையைக் கட்டலாம், கொசுவலாம், மடிக்கலாம். காரணம், அந்த உலோகம் அவ்வளவு மெல்லியது. ஒரு கம்பியை வளைக்கும்போது அதன் வெளிப்பக்கம் நீள்கிறது. 20 மி.மீ. விட்டமுள்ள குழாயைச் சுற்றி 1 மி.மீ. தடிமனுள்ள கம்பியை வளைத்தால், வெளிப்பக்கம் ஏறத்தாழ 5 சதவீதம் நீள வேண்டியிருக்கும். 0.15 மி.மீ. கம்பிக்கு 1 சதவீதம்கூட ஆகாது. நீட்சி குறைந்தால் உலோகத்துக்கு வரும் களைப்பும் குறையும். ஆனாலும் ஒரே இடத்தில் மடிந்தே கிடந்தால் ஜரிகையும் இற்றுப்போகும். "பட்டுப் புடவையை அவ்வப்போது மடிப்பு மாற்றி வை" என்று பாட்டி சொல்வது இதற்காகத்தான்.

ஒயர்க் கடையிலும் இதே கதைதான். சில ஒயர்களுக்குள் தடித்த ஒற்றைக் கம்பி இருக்கும். அது அசையாமல் கிடக்கும் இடத்துக்கு ஏற்றது. வேறு சில ஒயர்களில் பல மெல்லிய இழைகள் சேர்ந்திருக்கும். "14/38" என்று கேட்டால் கிடைப்பது இந்த வகை. 38ஆம் கேஜ் இழைகள் 14 என்று அதற்குப் பொருள். கேஜ் எண் கூடக்கூட இழை மெலியும். 38ஆம் கேஜ் இழையின் விட்டம் சுமார் 0.15 மி.மீ.தான். விளையாடும்போது பெட்டி குலுங்கும். பழுது பார்க்க மூடியைத் திறந்தால் ஒயர் வளையும். ஆகவே நமக்கு வேண்டியது பல இழை ஒயர்.

இவ்வளவு மெல்லிய ஒயர் மின்சாரத்தைத் தாங்குமா? கணக்குப் போடுவோம். போர்டில் 5 வோல்ட் இருக்கிறது, பட்டனுக்குப் போகும் பாதையில் 10,000 ஓம் மின்தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டனை அழுத்தினால் 5 ÷ 10,000 = 0.0005 ஆம்பியர் ஓடும். ஒரு மீட்டர் 14/38 ஒயரில் இதனால் குறையும் வோல்ட்டேஜ், 5 வோல்ட்டில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை! வீட்டு விளக்குகளுக்கு இழுக்கும் 1.5 சதுர மி.மீ. ஒயர் இங்கே வீண் செலவு. அதன் விறைப்பு, பட்டனின் மெல்லிய முனைகளையும் நெம்பிவிடும்.

இன்னொரு வியப்பான செய்தி. 1990களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் துணியாலேயே பட்டன் பலகை செய்தார்கள். அதற்கு அவர்கள் எடுத்த துணி, மெல்லிய செம்புத் தகடு சுற்றிய பட்டு இழைகளைக் கொண்டு நெய்த ஆர்கன்சா. இந்தியாவில் ஆடைகளுக்காக வெகுகாலமாக நெய்துவந்த வகை அது! இரண்டு துணிகளுக்கு நடுவே ஒரு வலை. விரலால் அழுத்தினால், வலையின் துளை வழியே துணிகள் தொட்டுக்கொள்ளும். சுவிட்ச் தயார்!

இனி உங்கள் வேலை. இரண்டு முனைகள் உள்ள பட்டன்களை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பட்டன்களின் ஒரு முனையையும் ஒரே கறுப்பு ஒயரால் வரிசையாக இணைத்து, போர்டின் கிரவுண்டில் சேருங்கள். மற்ற முனைகளுக்கு வேறு வேறு நிறங்களில் ஒயர் கொடுத்து, போர்டின் தனித்தனி உள்ளீடுகளில் சேருங்கள். நுனி இழைகளை முறுக்கி, லக் என்ற உலோக முனையை மாட்டி, பிளையரால் அழுத்துங்கள். மெதுவாக இழுத்துப் பாருங்கள். கழன்றால் மீண்டும் அழுத்துங்கள். இணைப்புக்குப் பக்கத்தில் ஒயரைப் பலகையோடு கட்டிவிட்டால், குலுக்கல் இணைப்பைத் தொடாது.

ஒரு கண்டிப்பான விதி: பேட்டரி அல்லது யூ.எஸ்.பி.யின் 5 வோல்ட்டில் மட்டும் செய்யுங்கள். சுவர் பிளக்கின் 230 வோல்ட் பக்கம் போகவே கூடாது. அந்த வேலை எலக்ட்ரீஷியனுக்கு உரியது.