திரை இருண்டது, பாட்டு மட்டும் கேட்டது

தம்பியிடமிருந்து கையடக்க விளையாட்டுக் கருவியைப் பிடுங்கப் போனேன். அது என் கையிலிருந்தே நழுவி, ஜெஞ்சாரோமில் உள்ள எங்கள் வீட்டுச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. திரை இருண்டுபோனது. அக்கா பல மாதம் ஓவர்டைம் செய்து, சேர்த்த பணத்தில் வாங்கிக் கொடுத்த கருவி அது.

மறுநாள் ஒரு கைத்தொலைபேசிக் கடைக்கு எடுத்துச் சென்றேன். திறந்துகூடப் பார்க்காமல், "போர்டு போயிருக்கும். 300 ரிங்கிட் ஆகும். தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடுங்க தம்பி" என்றார்கள். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி வீடு திரும்பினேன்.

"அண்ணே, பாட்டு மட்டும் கேக்குது!" என்றான் தம்பி.

அந்த ஒரு சொல்தான் என்னை யோசிக்க வைத்தது. பாலிடெக்னிக்கில் நான் மின்னணுவியல் முதலாண்டு மாணவன். பழுது பார்ப்பதில் முதல் கேள்வி, எது கெட்டது என்பதல்ல. எது இன்னும் வேலை செய்கிறது என்பதே.

முதலில் மின்கலத்தைக் கவனித்தேன். கருவியை மேசைமீது வைத்து, பின்புறம் உப்பியிருக்கிறதா என்று பார்த்தேன். உப்பியிருந்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும். சேதமடைந்த லித்தியம் மின்கலம் தீப்பற்றக் கூடும்; அதை மின்னேற்றவும் கூடாது, திறக்கவும் கூடாது. எங்களுடையது தட்டையாகவே இருந்தது.

அடுத்து, மின்விசையைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து முழுதாக அணைத்து, மீண்டும் இயக்கினேன். பாட்டு கேட்டது. அப்படியென்றால் மின்கலமும் போர்டும் உயிரோடு இருக்கின்றன. பழுது திரைப் பக்கம்தான்.

இருட்டறையில் கைத்தொலைபேசி விளக்கைத் திரைமீது சாய்வாக அடித்தேன். மங்கலாகப் படம் தெரிந்தது! எல்சிடி திரை தானாக ஒளிர்வதில்லை. பின்னால் உள்ள விளக்குதான் அதற்கு வெளிச்சம் தருகிறது. ஆகவே படம் இருக்கிறது, வெளிச்சம்தான் இல்லை.

உத்தரவாதக் காலம் முடிந்திருந்ததால் துணிந்து திறந்தேன். அதில் இருந்தவை மூன்று முனைத் திருகாணிகள். சாதாரணத் திருப்புளியைப் போட்டால் தலை தேய்ந்துவிடும் என்பதால், 15 ரிங்கிட்டுக்குத் தனியாக ஒரு செட் வாங்கினேன். கழற்றிய திருகாணிகளை முட்டை அட்டையில் வரிசையாக வைத்தேன். உள்ளே முதலில் மின்கல இணைப்பைப் பிரித்தேன். பிறகுதான் கண்ணில் பட்டது: பின்விளக்குக்குச் செல்லும் மெல்லிய பட்டைக் கம்பி, விழுந்த அதிர்ச்சியில் பாதி வெளியே வந்திருந்தது. பூட்டைத் தூக்கி, நேராகச் செருகி, பூட்டை அழுத்தினேன். திரை ஒளிர்ந்தது.

வளைகுடாப் போரின்போது தீயில் கருகிய ஒரு கேம் பாய், வெளிக்கூடு உருகியிருந்தும் உள்ளே இயங்கியது. நியூயார்க்கில் உள்ள நிண்டெண்டோ கடையில் அது பல ஆண்டுகள் காட்சிக்கு இருந்தது. வெளித்தோற்றத்தை வைத்து ஒரு கருவியைச் செத்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு பாடமும் உண்டு. 2018-இல் சீனா நெகிழிக் கழிவு இறக்குமதியைத் தடை செய்ததும், வெளிநாட்டுக் குப்பை ஜெஞ்சாரோமுக்கு வந்து குவிந்தது. சட்டவிரோதத் தொழிற்சாலைகள் எரித்த நெகிழியின் புகைக்காக இரவில் சன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தது எனக்கு நினைவிருக்கிறது. "தூக்கிப் போடு" என்றால், அது யாரோ ஒருவர் வீட்டுப் பக்கம்தான் போய் விழும். 2022-இல் மட்டும் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்கழிவை உருவாக்கியது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது கால் பங்குக்கும் குறைவு.

அன்றிரவு வேலை முடிந்து வந்த அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூலையில் இருந்த விரிசலைத் தடவிப் பார்த்துவிட்டு, "என் ஃபேனும் சுத்த மாட்டேங்குது, அதையும் பாரு" என்றார்.

இப்போது அந்த விசிறி என் மேசைமேல் இருக்கிறது. சுற்றவில்லை; ஆனால் விசையைப் போட்டால் மெதுவாக உறுமுகிறது. அங்கிருந்துதான் தொடங்கப் போகிறேன்.